வேலூருக்குக் கொண்டு போகணுங்களா?

தை, மாசி மாதங்களில் வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் மாடு விடும் விழா நடக்கும். இருபுறமும் தடுப்புக் கட்டிய தெருவில் காளை பாய்ந்து வருகிறது. தடுப்பைத் தாண்டி உள்ளே நின்ற இளைஞர் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறது. பின்மண்டை தரையில் மோத அவர் விழுகிறார். சில நொடிகள் அசைவில்லை. பிறகு கண் விழிக்கிறார், தண்ணீர் கேட்கிறார், எழுந்து உட்காருகிறார். "என்ன ஆச்சு?" என்று இரண்டு முறை கேட்கிறார். பேர் கேட்டால் சொல்கிறார், ஊர் கேட்டால் சொல்கிறார். அருகிலுள்ள ஒடுகத்தூருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மருத்துவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்கிறார். இரண்டு பாவையும் சமமாகச் சுருங்குகின்றன. கை, கால் நன்றாக அசைகின்றன. வாசலில் நிற்கிற தாய்மாமன் கேட்பது ஒன்றுதான்: "வேலூருக்குக் கொண்டு போகணுங்களா?"

தலைக்காய மருத்துவத்தில் இதைவிடக் கடினமான கேள்விகள் குறைவு. நினைவில்லாமல் கிடப்பவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் மருத்துவரைத் தவிக்க விடுகிறார். 1974-இல் கிளாஸ்கோவின் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். அதன் இன்றைய வடிவில் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆகமொத்தம் 15 புள்ளி. 13 முதல் 15 வரை பெற்றவருக்கு ஏற்பட்டது லேசான மூளைக்காயம் என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. தலையில் அடிபட்டு வருவோரில் மிகப் பெரும்பாலோர் இந்த வகைதான். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிடி ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் மீதிப் பேரில் யாரோ ஒருவருக்கு மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். நன்றாகப் பேசியவர் படுக்கப் போவார். காலையில் எழுப்பினால் எழ மாட்டார். அந்த ஒருவரைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் மற்ற எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள்.

சென்னையிலோ வேலூரிலோ அனுப்புவது என்றால் அடுத்த அறைக்கு அனுப்புவது. ஒடுகத்தூரில் அப்படியில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திரகாவேரி ஆறு இறங்கி வரும் பள்ளத்தாக்கில் இருக்கும் பேரூர் அது. அதற்கு மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளின் குக்கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கீழே முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், நரம்பியல் அறுவை மருத்துவத்தில் இந்தியாவுக்கே முன்னோடியான நகரம். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது வேலூர் சிஎம்சி மருத்துவமனையில்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் மலைமேல் இருப்பவருக்கு இந்தத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிப் பயனில்லை. 2023 மே மாதம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைச் சாலையில்லாத காரணத்தால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. குழந்தையின் உடலையும் பாதிவழியில் ஆம்புலன்ஸிலிருந்து வாங்கிக்கொண்டு தாய் மலையேறி நடக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது.

தலையில் அடிபட மலையில் வழிகள் ஏராளம். மாசி, பங்குனியில் புளி உலுக்க மரமேறுகிறவர்கள் விழுகிறார்கள். பலா பறிக்கவும் தேன் எடுக்கவும் ஏறுகிறவர்கள் விழுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் போகும் பைக் சறுக்குகிறது. 2022 ஏப்ரலில் இதே மலைத்தொடரின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு 15 முதல் 20 லட்சம் பேருக்கு மூளைக்காயம் ஏற்படுவதாகப் பெங்களூரு நிம்ஹான்ஸின் நோய்ப்பரவலியல் துறை நெடுங்காலத்துக்கு முன்பே மதிப்பிட்டது. அதில் பாதிக்கு மேல் சாலையில், ஏறக்குறைய கால் பங்கு கீழே விழுந்து.

இவர்களில் யாரை வேலூருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் ரத்தப் பரிசோதனை வருகிறது. மாரடைப்பா என்று தெரிந்துகொள்ள ட்ரோபோனின் பார்ப்பது இன்று தாலுகா மருத்துவமனை வரைக்கும் வந்துவிட்டது. இதயத் தசை சிதைந்தால் அதன் புரதம் ரத்தத்தில் கலக்கும். அதை அளந்தால் போதும். மூளைக்கும் அப்படி ஒன்று கிடைக்காதா என்று ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகத் தேடினார்கள். மூளைக்கு ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இறுக்கமான செல்களால் ஆன தடுப்பு இருக்கிறது. உள்ளே நடப்பது எளிதில் வெளியே தெரியாது.

அடிபடும் நொடியில் உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தண்ணீர் நிறைந்த சொம்பைச் சட்டென்று திருப்பினால் சொம்பு திரும்பிவிடும், தண்ணீர் பின்தங்கும். மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் 1,300 கிராம் மூளையும் அப்படித்தான் பின்தங்குகிறது. அதன் மேல்பகுதி ஒரு வேகத்தில், ஆழ்பகுதி வேறொரு வேகத்தில் சுழல்கிறது. நடுவே ஓடும் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட இழையின் சவ்வு விட்டுக்கொடுத்து, உள்ளே கால்சியம் பாய்கிறது. கால்சியம் புகுந்ததும் கல்பெய்ன் என்ற நொதி விழித்துக்கொண்டு, செல்லின் எலும்புக்கூடு போன்ற புரதங்களை வெட்டத் தொடங்குகிறது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த இளைஞர் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்து நிற்கக்கூடும்.

இப்படிச் சேதப்பட்ட செல்களிலிருந்து வெளியேறுவனவற்றில் இரண்டு புரதங்கள் முக்கியம். முதலாவது ஜிஎஃப்ஏபி. நரம்புச் செல்களைத் தாங்கிப் பராமரிக்கும் நட்சத்திர வடிவச் செல்களின் உட்சட்டகம் அது. உடலின் மற்ற இடங்களில் மிக அரிதாகவே இருப்பதால், ரத்தத்தில் அது கூடினால் பெரும்பாலும் மூளையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டாவது யுசிஎச்-எல்1. நரம்புச் செல்லுக்குள் பழுதான புரதங்களை அப்புறப்படுத்தும் வேலையில் பங்கெடுக்கும் நொதி. மூளையில் கரைந்திருக்கும் புரதத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை இதுவே. காயத்தால் நெகிழ்ந்த தடுப்பின் வழியாகவும், மூளையின் கழிவு வடிகால் வழியாகவும் இவை மெல்ல ரத்தத்துக்கு வருகின்றன. வருவது மிகச் சொற்பம். ஒரு மில்லிலிட்டரில் சில பத்தோ சில நூறோ பிகோகிராம். பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. இதை அளக்கும் நுட்பம் கைகூடியதே அண்மையில்தான்.

இவற்றுக்கு முன்னால் ஐரோப்பாவில் எஸ்100பி என்ற வேறொரு புரதம் பயன்பாட்டுக்கு வந்தது. 2013-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவ வழிகாட்டுதல் அதை ஏற்றது: அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், குறிப்பிட்ட சில நோயாளிகளை ஸ்கேன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். அங்கே அது பலன் தந்தது. நம் மலைக்கு அதைக் கொண்டுவரலாமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம்தான். அந்தப் புரதம் கொழுப்பிலும் எலும்பிலும் உண்டு. மரத்திலிருந்து விழுந்து காலெலும்பு முறிந்தவருக்கு மூளையில் ஒன்றுமில்லாமலே அது கூடும். தோலின் நிறமிச் செல்களிலும் உண்டு. கருநிறத் தோல் உடையோரிடம் அதன் இயல்பான அளவே சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 6 மணி நேரம். பீஞ்சமந்தைக்கு மேலே ஒரு குக்கிராமத்தில் அந்தி சாயும் நேரம் விழுந்தவர், விடிந்த பிறகு கீழே இறங்கினால் அந்தக் கெடு முடிந்திருக்கும்.

ஜிஎஃப்ஏபி இந்த விஷயத்தில் பொறுமையானது. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் லிண்டா பாப்பா குழுவினர் காயம்பட்டவர்களிடம் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்து 2016-இல் அதன் போக்கை வெளியிட்டார்கள். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு புரதங்களும் தென்படத் தொடங்கின. யுசிஎச்-எல்1 ஏறக்குறைய 8 மணி நேரத்தில் உச்சம் தொட்டு இரண்டு நாளில் இறங்கியது. ஜிஎஃப்ஏபி 20 மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து, ஒரு வாரம் வரை கண்டுபிடிக்கும் அளவில் இருந்தது. ஒன்று முந்தி வருகிறது, மற்றொன்று தாமதமாக வந்து நின்று நிதானிக்கிறது. இரண்டையும் சேர்த்து அளப்பதன் காரணம் இதுதான்.

சேர்த்து அளந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2018-இல் வந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பண உதவியோடு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 22 இடங்களில் நடந்தது அந்த ஆய்வு. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்திருந்த 1,959 பேரின் கணக்கை அது பார்த்தது. ஸ்கேனில் உள்காயம் தெரிந்தவர்கள் 125 பேர். அவர்களில் 122 பேரை ரத்தம் சரியாகக் காட்டிக்கொடுத்தது. அறுவை மருத்துவரின் தலையீடு தேவைப்படும் அளவுக்குக் காயம் இருந்தவர்கள் 8 பேர். அந்த 8 பேரில் ஒருவரும் தப்பவில்லை. சோதனையில் 'இல்லை' என்று வந்தவர்கள் 671 பேர். அவர்களில் 3 பேருக்கு மட்டும் ஸ்கேனில் ஏதோ இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதி அளித்தது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்கேனில் எதுவுமே இல்லாத 1,834 பேரில் 1,166 பேருக்குச் சோதனை 'உண்டு' என்றே சொன்னது. அதாவது 'உண்டு' என்று வந்தால் பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. 'இல்லை' என்று வந்தால்தான் அதன் மதிப்பு. மூளையில் காயம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையாக இதைப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இவர் வேலூர் வரை அலைய வேண்டியதில்லை என்று சொல்லத் தெரிந்த சோதனை இது. மூன்றில் ஒருவருக்கு அப்படிச் சொல்கிறது.

மூன்றில் ஒருவர் என்பது ஸ்கேன் கருவி பக்கத்து அறையில் இருக்கும் ஊரில் சிறிய லாபம். கொஞ்சம் நேரம் மிச்சம், இயற்கையாக ஓராண்டில் நம் உடலில் படும் கதிர்வீச்சுக்குச் சற்றுக் குறைவான கதிர்வீச்சு மிச்சம். ஒடுகத்தூரில் அதன் கணக்கே வேறு. இரவில் ஒருவரை வேலூருக்கு அனுப்புவது என்றால் 108 வண்டி ஒன்று மலையடிவாரத்தை விட்டு சில மணி நேரம் விலகிவிடுகிறது. அந்த நேரத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண் மலையிலிருந்து இறங்கி வரலாம். கூடப் போகிற இரண்டு பேருக்கு மறுநாள் கூலி போகும். மூன்று பேரில் ஒருவருக்கு இதெல்லாம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அது பெரிய விஷயம். ஸ்கேன் வசதி நிறைந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த சோதனை இது. ஆனால் இதன் முழுப்பயனும் ஸ்கேன் இல்லாத ஊர்களில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் வந்த சோதனைக்கு ஆய்வகம் வேண்டும். 2021 ஜனவரியில் அபாட் நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்கு அனுமதி கிடைத்தது; 15 நிமிடத்தில் முடிவு தரும். ஆனால் ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்த பிறகே அதில் ஊற்ற முடியும். 2024 ஏப்ரலில்தான் அந்தத் தடையும் விலகியது. முழங்கை மடிப்பின் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தை அப்படியே சில துளி கார்ட்ரிட்ஜில் விட்டு, மூடியை அழுத்திக் கருவிக்குள் செருகிவிடலாம். அடிபட்டு 12 மணி நேரம் வரை என்றிருந்த வரம்பும் 24 மணி நேரம் ஆனது. மலையிலிருந்து மறுநாள் இறங்குகிறவருக்கு இந்த 12 மணி நேர நீட்டிப்பே எல்லாவற்றிலும் பெரிய முன்னேற்றம்.

கருவி நம் ஊருக்கு வந்தால் சில இடைஞ்சல்களைச் சந்திக்க வேண்டும். கார்ட்ரிட்ஜைக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். மின்வெட்டு அதற்கு ஆகாது. கருவி வேலை செய்வது 16 முதல் 30 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில். வேலூர் வெயிலில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய ஒரு சிறிய அறையும் நம்பகமான மின்சாரமும் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கி வைத்தால் அது அலமாரியில்தான் இருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது; மரமேறி விழும் பிள்ளைகளுக்கு மருத்துவரின் கண்ணும் கவனிப்பும்தான் இப்போதும் துணை. வயதானவர்களிடம் ஜிஎஃப்ஏபி இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும், ஆகவே அவர்களில் இன்னும் அதிகம் பேருக்கு 'உண்டு' என்றே வரும்.

வேலூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இந்த மாவட்டத்தில் வலிப்பு நோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டி மூளையில் தங்கிவிடுவது. சிஎம்சியின் டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் பல்லாண்டுகள் வீடுவீடாகச் சென்று செய்த ஆய்வு, வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று காட்டியது. ஒருவர் வலிப்பு வந்து விழுந்து மண்டை உடைந்தாரா, மண்டையில் அடிபட்டதால் வலிப்பு வந்ததா? மூளைச் செல்கள் சேதப்பட்டிருக்கின்றன என்று மட்டுமே ரத்தம் சொல்லும். எதனால் என்று சொல்லாது. வலிப்பு வந்தவரை ரத்தச் சோதனைக்காக நிறுத்திவைக்கவே கூடாது, நேராக அனுப்ப வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவர், ஒரு கண் பாவை மட்டும் விரிந்தவர், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிகிறவர், கை கால் சோர்ந்தவர், நேரம் ஆக ஆகத் தூக்கக் கலக்கம் கூடுகிறவர் எல்லோரும் அப்படித்தான். சாராய வாடை அடிக்கிறவரை 'போதை தெளிஞ்சா சரியாயிடும்' என்று ஓரமாகப் படுக்கவைப்பதால் போன உயிர்கள் நிறைய. போதையா, மூளைக்காயமா என்று பிரிக்கத் திணறும் அந்த நேரத்தில் ஒரு சிறிய கார்ட்ரிட்ஜ் மருத்துவரின் பக்கம் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இந்தியாவிலேயே வேறொரு வழியிலும் முயற்சி நடந்திருக்கிறது. அகமதாபாத்தின் பயோஸ்கேன் ரிசர்ச் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், போபால் எய்ம்ஸ், நிம்ஹான்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து 'செரிபோ' என்ற கையடக்கக் கருவியை உருவாக்கியிருக்கிறது. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைத் தலையில் செலுத்தி, உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்க்கிறது. தேங்கிய ரத்தத்தைத் தேடுவது அதன் வேலை. சேதமடைந்த செல்லின் சிதறலைத் தேடுவது ரத்தச் சோதனையின் வேலை. ஒன்றுக்கு மற்றொன்று போட்டியில்லை. மலையடிவார மருத்துவ நிலையங்களில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று வேண்டும். நம் மக்களிடம் எந்த அளவை வரம்பாக வைப்பது என்பதையும் நம் மக்களின் ரத்தத்திலிருந்துதான் தீர்மானிக்க வேண்டும். வேலூரைப் போல அதற்கு வாய்ப்பான மாவட்டம் வேறு எங்கே இருக்கிறது!

ஸ்கேன் சுத்தமாக வந்தவர்களைப் பற்றியும் ரத்தம் ஒன்று சொல்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் மனதைத் தொட்ட செய்தி அதுதான். 2019-இல் அமெரிக்காவில் ஸ்கேனில் எதுவும் தெரியாத 450 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 120 பேருக்கு அதில் காயம் தெரிந்தது. அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அவர்களின் ஜிஎஃப்ஏபி மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. ஸ்கேன் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பியவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் உண்மையிலேயே காயம்பட்டவர்கள். மாதக்கணக்கில் தலைவலி, மறதி, சட்டென்று கோபம், வெயிலில் நின்றால் தலைசுற்றல் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் என்ன?" என்று வீட்டிலும் கேட்பார்கள், வேலை கொடுப்பவரும் கேட்பார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. மூன்றாம் நாளே மறுபடி மரத்தில் ஏறியிருப்பார். 2025-இல் உலக நிபுணர்கள் கூடி மூளைக்காயத்தை வகைப்படுத்த முன்வைத்த புதிய முறையில், நோயாளியின் நிலை, ஸ்கேன் ஆகியவற்றோடு ரத்தக் குறியீடும் சம இடம் பெற்றிருக்கிறது. இப்படித் தவிப்பவர்கள் சொல்லும் வலியை மருத்துவம் இனி நம்பியாக வேண்டும்.

இன்றே, எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. அடிபட்டவரை மலையிலிருந்து இறக்கும்போது கிராமச் செவிலியரோ ஆம்புலன்ஸ் ஊழியரோ கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் 'கீழே விழுந்தார், தலையில் அடி' என்று இருக்கும். அதன் பக்கத்தில் அடிபட்ட நேரத்தையும் அப்போதைய நினைவுநிலையையும் எழுதிவிட வேண்டும். இறங்கும் வழியில் அவர் பேச்சு குறைந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க அடுக்கம்பாறை மருத்துவருக்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் ஆதாரம். நாளை கார்ட்ரிட்ஜ் வந்தாலும், 2 மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தையும் 20 மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தையும் ஒரே மாதிரி படிக்க முடியாது.